கடல்மல்லைக்கு ஓர் ஆற்றுப்படை

நுழையும்முன்

சென்று வந்த இடங்களின் எண்ணிக்கையைக் கொண்டு பயணத்தை அளப்பது இன்று வழக்கமாகிவிட்டது. ஆனால், ஓர் ஊரைக் கடந்து செல்வதும் அவ்வூரைக் காண்பதும் ஒன்றல்ல. இரண்டு நாள் விடுமுறையும் சிறிதளவு பணமும் உடைய மாணவர்கள் ஒரு கலை நகரத்தை உண்மையாகவே கண்டு திரும்புவது எவ்வாறு? கடற்கரையில் கல்லே கலையாக நிற்கும் மாமல்லபுரத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு, பயணத்தைத் திட்டமிடும் முறையை இப்பாடம் விளக்குகிறது.

ஆற்றுப்படுத்தும் மரபு

பயணத்திற்கு வழிகாட்டும் நூல்கள் தமிழுக்குப் புதியன அல்ல. பரிசில் பெற்றுத் திரும்பும் கலைஞர் ஒருவர், வறுமையில் வாடும் மற்றொரு கலைஞரை எதிர்ப்பட்டு, தாம் சென்ற வழியையும் கண்ட காட்சிகளையும் அடைந்த பயனையும் கூறி அவரை வள்ளலிடம் செலுத்துவது ஆற்றுப்படை ஆகும். 'ஆறு' என்பது வழி. 'படை' என்பது படுத்துதல், அதாவது செலுத்துதல்.

கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படை, தொண்டைமான் இளந்திரையனிடம் செல்லும் வழியைக் கூறுகிறது. அவனது நாட்டில் வழிப்பறி செய்வோர் இல்லை என்று முதலில் அச்சம் நீக்குகிறது. எந்நிலத்தில் எத்தகைய மக்கள் வாழ்கின்றனர், அவர்கள் என்ன உணவு தருவர் என்பதையும் சொல்கிறது. பாதுகாப்பு, வழி, உணவு, தங்குமிடம், காட்சி, பயன் ஆகியவற்றை அது வரிசையாகக் கூறுவதைக் காணலாம். இன்று நாம் வகுக்கும் பயணத்திட்டத்திற்கும் இவையே உறுப்புகள். ஆற்றுப்படையில் வழி கூறுபவர் தாம் நேரில் கண்டவற்றையே கூறுகிறார் என்பதும் கருதத்தக்கது. செல்பவரின் தேவை என்ன என்பதை உணர்ந்தே அவர் பேசுகிறார். நல்ல பயணத்திட்டம் வகுப்போர்க்கு இவ்விரண்டும் இன்றியமையாதன.

தெரியுமா?

பத்துப்பாட்டில் திருமுருகாற்றுப்படை, பொருநராற்றுப்படை, சிறுபாணாற்றுப்படை, பெரும்பாணாற்றுப்படை, கூத்தராற்றுப்படை எனப்படும் மலைபடுகடாம் ஆகிய ஐந்தும் ஆற்றுப்படை நூல்கள். பெரும்பாணாற்றுப்படையில் நீர்ப்பெயற்று என்னும் துறைமுகமும், இரவில் கலங்களை அழைக்கும் உயர்ந்த கலங்கரை விளக்கமும் வருணிக்கப்பெறுகின்றன. அந்நீர்ப்பெயற்றே இன்றைய மாமல்லபுரம் என்று கருதும் அறிஞர்களும் உளர்.

எட்டு இடங்களும் நாற்பது நிமிடங்களும்

பதினொன்றாம் வகுப்பு மாணவர்கள் இரண்டு நாள் கல்விச் சுற்றுலாவிற்குத் திட்டம் வகுக்க அமர்கின்றனர் என்று கொள்வோம். சென்னையில் தொடங்கும் கிழக்குக் கடற்கரைச் சாலை அவர்களது ஆவலைத் தூண்டுகிறது. ஈஞ்சம்பாக்கத்தில் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் 1966இல் தொடங்கிய சோழமண்டலக் கலைஞர்கள் கிராமம், முட்டுக்காட்டில் தென்னிந்திய மரபு வீடுகளைப் பெயர்த்து வந்து நிறுத்தியிருக்கும் தட்சிணசித்ரா, அருகிலுள்ள படகுத்துறை, வடநெம்மேலி முதலைப் பண்ணை, மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினத்து டச்சுக் கோட்டை, காஞ்சிபுரம், வேடந்தாங்கல் என எட்டு இடங்கள் கரும்பலகையில் ஏறிவிடுகின்றன.

இப்போது ஆசிரியர் ஒரு கணக்கு இடச் சொல்கிறார். இரண்டு நாள்களில் பகற்பொழுது ஏறத்தாழ 24 மணி நேரம். உணவு, ஓய்வு முதலியவற்றிற்கு எட்டு மணி நேரம் கழிகிறது. எட்டு இடங்களுக்கும் வண்டியில் செல்வதற்கு மேலும் எட்டு மணி நேரம் கழிகிறது. எஞ்சிய எட்டு மணி நேரத்தில் ஓர் இடத்திற்கு ஒரு மணி நேரமே கிடைக்கும். வண்டியை விட்டு இறங்கவும், நுழைவுச்சீட்டு வாங்கவும், தலைகளை எண்ணி மீண்டும் ஏறவும் இருபது நிமிடங்கள் ஆகும். ஆகவே, ஓர் இடத்தைக் காண்பதற்குக் கிடைப்பது நாற்பது நிமிடங்கள்.

பல்லவர் காலத்துக் கற்றச்சர்கள் ஆண்டுக்கணக்கில் செதுக்கிய ஒரு பாறையின் முன் நாற்பது நிமிடங்களில் என்ன செய்ய இயலும்? அதன் முன் நின்று ஒளிப்படம் எடுக்க இயலும். வகுப்பு சற்று நேரம் அமைதியாக இருக்கிறது. பிறகு ஒவ்வொரு பெயராக அழிக்கின்றனர். முதலைப் பண்ணையை அழிக்கும்போது எதிர்ப்பு எழுகிறது. காஞ்சிபுரத்தை அழிக்கும்போது ஆசிரியரே தயங்குகிறார். முடிவில் மாமல்லபுரம் மட்டும் எஞ்சுகிறது.

குயவர் களிமண்ணைச் சேர்த்து உருவத்தை வனைகிறார். கற்சிற்பி ஒன்றையும் சேர்ப்பதில்லை. வேண்டாதவற்றை நீக்கி நீக்கியே உருவத்தை வெளிக்கொணர்கிறார். குறுகிய பயணத்தைத் திட்டமிடுவதும் கற்சிற்பியின் வேலையை ஒத்தது. எதைக் காணாமல் விடுவது என்று முடிவு செய்த பின்னரே, எதைக் காண்பது என்பது தெளிவாகும்.

ஓர் ஊரில் நான்கு வடிவங்கள்

சென்னையிலிருந்து தெற்கே ஏறத்தாழ 55 கிலோமீட்டர் தொலைவில், செங்கல்பட்டு மாவட்டத்தில், வங்கக் கடலோரம் அமைந்துள்ளது மாமல்லபுரம். பல்லவர்களின் துறைமுக நகரமாக விளங்கிய இவ்வூரைத் திருமங்கையாழ்வார் கடல்மல்லை என்று போற்றுகிறார். பூதத்தாழ்வார் பிறந்த ஊரும் இதுவே. இங்குள்ள நினைவுச் சின்னங்களின் தொகுதியை யுனெஸ்கோ 1984இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

குறுகிய பயணத்திற்கு இவ்வூரைத் தேர்ந்தெடுப்பதற்குத் தக்க காரணம் உண்டு. கல்லைக் கையாண்ட நான்கு முறைகளையும் இங்கே நடந்தே காணலாம். பாறையைக் குடைந்து அமைத்த மண்டபங்கள் குடைவரைகள் எனப்படும். தனிப்பாறையை மேலிருந்து கீழாகச் செதுக்கிக் கோயில் வடிவாக்கியவை ஒற்றைக்கல் கோயில்கள். பாறையின் முகப்பில் உருவங்களைப் புடைத்தெழச் செய்தவை புடைப்புச் சிற்பங்கள். கற்களை வெட்டியெடுத்து அடுக்கிக் கட்டியவை கட்டுமானக் கோயில்கள். வராகக் குடைவரை, ஐந்து இரதங்கள், அர்ச்சுனன் தபசு, கடற்கரைக் கோயில் ஆகிய நான்கையும் முறையே இவற்றிற்குச் சான்றாகக் கொள்ளலாம்.

தெரியுமா?

'மாமல்லன்' என்பது முதலாம் நரசிம்மவர்மனின் (630–668) பட்டப்பெயர். இங்குள்ள சின்னங்களுள் பல அவன் காலத்தவை என்பது பலரது கருத்து. கடற்கரைக் கோயில் இராசசிம்மன் எனப்படும் இரண்டாம் நரசிம்மவர்மன் (700–728) காலத்தது. எவை எந்த மன்னர் காலத்தவை என்பதில் வரலாற்று அறிஞர்களிடையே இன்றும் விவாதம் உண்டு.

பருவமும் செலவும்

கடற்கரை ஊருக்குச் செல்வோர் முதலில் வானத்தைக் கருத வேண்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை பெய்யும். வங்கக் கடலில் புயல் தோன்றும் காலமும் அதுவே. சித்திரை, வைகாசி மாதங்களில் கருங்கல் பாறைகள் வெம்மையை உமிழும். நண்பகலில் அவற்றின்மீது வெறுங்காலால் நிற்க இயலாது. ஆகவே, தை, மாசி மாதங்கள் ஏற்றவை. டிசம்பர் இறுதியில் தொடங்கி ஜனவரியில் நடைபெறும் நாட்டிய விழாவையும் காண விரும்புவோர் அதற்கேற்ப நாளைக் குறிக்கலாம். ஆயினும், விழாக்காலத்திலும் வார இறுதியிலும் கூட்டம் மிகுதி. சிற்பங்களை அமைதியாகக் காண விரும்பினால் வார நாள்களே நல்லவை.

அடுத்தது செலவு. பேருந்து வாடகை போன்ற செலவு எத்தனை பேர் சென்றாலும் மாறாது. செல்வோர் கூடினால் ஒருவர் பங்கு குறையும். உணவு, தங்கல், நுழைவுச்சீட்டு ஆகியவை ஆளுக்கு ஆள் கூடும். இரண்டையும் தனித்தனியே எழுதிக் கூட்டி, எதிர்பாராத செலவுக்கு ஒரு பகுதியைச் சேர்த்து, பின்னர் ஆள்தொகையால் வகுக்க வேண்டும். செங்கல்பட்டு தொடர்வண்டி நிலையம் வரை வந்து, ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவை அரசுப் பேருந்தில் கடப்பது செலவைக் குறைக்கும் ஒரு வழி.

கணக்கு முடிந்ததும் ஒரு கேள்வி எழுகிறது. இத்தொகையைத் தர இயலாத காரணத்தால் நம் வகுப்பில் யாரேனும் வராமல் நின்றுவிடுவரா? நாட்கூலி பெறும் பெற்றோர்க்கு இரண்டு நாள் சுற்றுலாக் கட்டணம் சிறுதொகை அன்று. இயலாதவர் பெரும்பாலும் பணமில்லை என்று சொல்வதில்லை; 'எனக்கு விருப்பமில்லை' என்றே சொல்வார். எனவே, அனைவரும் வரத்தக்க தொகையை முதலில் அறிந்து, அத்தொகைக்குள் பயணத்தை அமைப்பதே முறை. பெயர்ப்பட்டியலில் ஏழு இடங்களை நீக்கியதால் எரிபொருள் செலவும் நுழைவுக் கட்டணங்களும் குறைந்துவிட்டன என்பதை மாணவர்கள் இப்போது உணர்கின்றனர்.

ஒளியைப் பின்தொடரும் திட்டம்

சிற்பத்தைக் காட்டுவது ஒளி. நிழல் அதற்கு ஆழம் தருகிறது. ஒளி பக்கவாட்டில் சாய்ந்து விழும்போது புடைப்புச் சிற்பத்தின் ஒவ்வொரு வளைவும் எழுந்து நிற்கும். உச்சிவேளையில் அதே சிற்பம் தட்டையாகத் தோன்றும். ஆகவே, எச்சின்னம் எத்திசை நோக்கி நிற்கிறது என்பதை முன்னரே அறிந்து வரிசையை அமைக்க வேண்டும். அர்ச்சுனன் தபசு, கிருஷ்ண மண்டபம், மகிடாசுரமர்த்தினி குடைவரை ஆகியவை கிழக்கு நோக்கியவை. அவற்றைக் காலையில் காண வேண்டும். வராகக் குடைவரையும், இரதங்களுள் ஒரே வரிசையில் நிற்கும் நான்கும் மேற்கு நோக்கியவை. அவற்றிற்கு மாலை ஒளியே ஏற்றது. கடற்கரைக் கோயிலின் உயர்ந்த கருவறை கடலை நோக்குகிறது. அதற்கு விடியற்பொழுது உரியது. கட்டணமுள்ள சின்னங்கள் பொதுவாகக் காலை 6 மணி முதல் மாலை 6 மணி வரை திறந்திருக்கும். புறப்படும்முன் இதனை உறுதி செய்துகொள்ள வேண்டும்.

முதல் நாள்

முற்பகலில் ஊரை அடைந்து, தங்குமிடத்தில் பொருள்களை வைத்துவிட்டு, வெயில் கடுமையாக உள்ள வேளையைச் சிற்பக் கூடங்களில் கழிக்கலாம். பிற்பகல் மூன்று மணியளவில் குன்றின் மேற்குப் புறத்திலுள்ள வராகக் குடைவரைக்குச் செல்லலாம். நிலமகளைத் தாங்கி நிற்கும் வராகர், உலகளந்த திருவிக்கிரமர், யானைகள் நீராட்டும் திருமகள், கொற்றவை ஆகிய நான்கு காட்சிகளும் ஒரு சிறிய மண்டபத்திற்குள் அமைந்துள்ளன. முகப்பிலுள்ள தூண்களை அமர்ந்த சிங்கங்கள் தாங்குகின்றன.

நான்கு மணிக்கு ஐந்து இரதங்களை அடைய வேண்டும். இவை பாண்டவர் பெயராலும் திரௌபதி பெயராலும் வழங்கினாலும் மகாபாரதக் கதைக்கும் இவற்றுக்கும் தொடர்பில்லை. பெயர்கள் பிற்காலத்தார் இட்டவை. இங்குக் காண வேண்டியது கூரை. திரௌபதி இரதத்தின் கூரை ஓலை வேய்ந்த குடிசையின் வடிவிலானது. பீம இரதத்தின் கூரை கவிழ்த்த படகு போல் நீண்டு வளைந்தது. தர்மராச இரதம் அடுக்கடுக்காக உயர்கிறது. நகுல சகாதேவ இரதத்தின் பின்புறம் படுத்திருக்கும் யானையின் முதுகு போல் வளைந்துள்ளதால் அதனைத் தூங்கானை மாடம் என்பர். அதன் அருகிலேயே ஒரு கல்யானையும் நிற்கிறது. மரத்தாலும் ஓலையாலும் கட்டப்பட்டு அழிந்துபோன பழங்காலக் கட்டடங்களின் வடிவங்களைக் கல்லில் இன்று காண்கிறோம்.

பிறகு கீழே குனிந்து பார்க்க வேண்டும். தர்மராச இரதத்தின் மேல்தளங்கள் நுட்பமாக நிறைவு பெற்றிருக்க, கீழ்த்தளம் முற்றுப்பெறாமல் நிற்கிறது. சிற்பிகள் மேலிருந்து கீழ்நோக்கிச் செதுக்கினர் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுவதில்லை. உளி எந்த இடத்தில் நின்றது என்பதைக் கையால் சுட்டிக் காட்டலாம். ஏன் நின்றது என்பது ஒவ்வொருவரும் எண்ணிப் பார்க்க வேண்டிய வினா.

இரண்டாம் நாள்

விடியுமுன் கடற்கரைக்குச் சென்று, ஆறு மணிக்குக் கடற்கரைக் கோயிலினுள் நுழையலாம். கிழக்கும் மேற்கும் நோக்கிய இரு சிவன் கருவறைகளும், அவற்றிற்கு இடையே பள்ளிகொண்ட திருமாலின் கருவறையும் இங்கு உள்ளன. குடைவதிலிருந்து கட்டுவதற்குத் தமிழகக் கோயிற்கலை மாறிய காலத்தின் அடையாளம் இக்கோயில். இங்குள்ள நந்திகளின் முகங்களும் சுவர்ச் சிற்பங்களும் தேய்ந்திருப்பதைக் காணலாம். ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளாக உப்புக்காற்றும் மணலும் செய்த வேலை அது. கடலைத் தடுக்கப் பாறைகளை அடுக்கியும், காற்றைத் தடுக்கச் சவுக்கு மரங்களை வளர்த்தும், கல்லில் ஊறிய உப்பைக் காகிதக்கூழ் பூசி உறிஞ்சியும் தொல்லியல் துறையினர் இக்கோயிலைக் காத்து வருகின்றனர்.

சிற்றுண்டி முடித்து, எட்டு மணியளவில் அர்ச்சுனன் தபசின் முன் வந்து அமரலாம். நிற்பதைவிட அமர்வதே நன்று. ஒரு மணி நேரமேனும் இங்குத் தேவை. ஏறத்தாழ 30 மீட்டர் நீளமும் 13 மீட்டர் உயரமும் கொண்ட பாறைப் பரப்பில் நூற்றுக்கும் மேற்பட்ட உருவங்கள் உள்ளன. பாறையின் நடுவே இயற்கையாக அமைந்த பிளவைச் சிற்பிகள் ஆறாக மாற்றி, அதில் நாகர்களை நீந்தச் செய்துள்ளனர். ஒற்றைக்காலில் நின்று தவம் புரியும் முனிவர் அர்ச்சுனன் என்பர் ஒரு சாரார். கங்கையைக் கொணர்ந்த பகீரதன் என்பர் மற்றொரு சாரார். இரு தரப்பாரும் பாறையிலிருந்தே சான்று காட்டுகின்றனர்.

பேருருவான யானைகளின் காலடியில் குட்டிகள் ஒண்டி நிற்கின்றன. அங்கேயே முனிவரைப் போன்று கால்களை உயர்த்தித் தவம் செய்கிறது ஒரு பூனை; எலிகள் அதனை நம்பி நெருங்கி நிற்கின்றன. தவத்தைப் போற்றும் மாபெரும் காட்சிக்குள் போலித்தவத்தை நகையாடும் துணிவும் அச்சிற்பிக்கு இருந்தது. விரைந்து கடப்போர் இப்பூனையைக் காண்பதில்லை.

அருகிலுள்ள கிருஷ்ண மண்டபத்தில் கோவர்த்தன மலையைக் கண்ணன் தாங்கி நிற்க, அதன் கீழே ஓர் ஆயர் பால் கறக்கிறார். பசு தன் கன்றை நக்கிக்கொண்டிருக்கிறது. அச்சமூட்டும் பெருமழைக்கு நடுவிலும் அன்றாட வாழ்வு அமைதியாக நடைபெறுகிறது. குன்றின்மேல் உள்ள மகிடாசுரமர்த்தினி குடைவரையில் எதிரெதிர்ச் சுவர்களில் போரும் உறக்கமும் அமைந்துள்ளன. ஒருபுறம் சிங்கத்தின் மீதமர்ந்து பாயும் கொற்றவை. அவளது வேகத்தில் எருமைத்தலை அசுரன் பின்சாய்கிறான். மறுபுறம் அரவணையில் அறிதுயில் கொள்ளும் திருமால். நடுவே நின்று இருபுறமும் மாறிமாறி நோக்கினால், அசைவையும் அமைதியையும் ஒரே கல்லில் காட்டிய திறம் விளங்கும்.

திரும்பும் வழியில் வடக்கே ஏறத்தாழ 5 கிலோமீட்டர் தொலைவில் சாளுவன்குப்பம் உள்ளது. யாளித் தலைகள் சூழ்ந்த மண்டபம் அங்கு உண்டு. அதன் அருகே, 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின் நடந்த அகழாய்வில் மணலுக்கடியிலிருந்து ஒரு பழைய முருகன் கோயில் வெளிப்பட்டது. எண்ணற்ற உயிர்களைக் கொண்ட கடல், தான் மூடிய ஒரு கோயிலைக் காட்டிச் சென்றதை அங்கு நின்று எண்ணிப் பார்க்கலாம். அத்துடன் பயணத்தை முடித்துக்கொள்வது தகும்.

உளியோசை கேட்கும் தெரு

மாமல்லபுரத்தைப் பிற தொல்லியல் இடங்களிலிருந்து வேறுபடுத்துவது ஒன்று உண்டு. இங்குக் கலை பழம்பொருளாகிவிடவில்லை. சாலையோரக் கூரைகளின் கீழ் இன்றும் உளியோசை கேட்கிறது. 1957இல் தொடங்கப்பெற்ற பயிற்சி நிலையம், பின்னர் அரசு கட்டடக்கலை மற்றும் சிற்பக்கலைக் கல்லூரியாக வளர்ந்து மரபுக்கலையைக் கற்பித்து வருகிறது. அக்கல்லூரியின் முதல்வராக விளங்கிய கணபதி தபதியே, 2000ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் திறக்கப்பெற்ற கன்னியாகுமரித் திருவள்ளுவர் சிலையை வடித்தவர். 133 அடி உயர்ந்து நிற்கும் அச்சிலை இம்மரபின் தொடர்ச்சியே. மாமல்லபுரம் கற்சிற்பங்கள் புவிசார் குறியீடும் பெற்றுள்ளன.

சிற்பக் கூடத்தில் அரைமணி நேரம் அமைதியாக இருந்தால் பலவற்றைக் கற்கலாம். சிற்பி முதலில் கல்லைத் தட்டி அதன் ஓசையைக் கேட்கிறார். உள்ளே விரிசல் இருந்தால் ஓசை மாறும். பின்னர்க் கல்லில் கோடிட்டு அளவைக் குறிக்கிறார். பருமனான உளியால் வேண்டாத பகுதிகளைத் தகர்த்து, படிப்படியாக நுண்ணிய உளிகளுக்கு மாறுகிறார். கருங்கல்லில் உளியின் முனை விரைவில் மழுங்கும். உலையில் காய்ச்சி அடித்து அதனை மீண்டும் கூராக்க வேண்டும். மூக்கின் நுனியில் ஓர் அடி தவறினாலும் மாதக்கணக்கான உழைப்பு வீணாகும். ஒட்டவைக்கும் வழி இதில் இல்லை.

இப்போது மின்வெட்டுக் கருவிகளும் வந்துள்ளன. வேலை விரைகிறது, தூசும் பெருகுகிறது. கருங்கல் தூசிலுள்ள சிலிக்கா நுரையீரலில் படிந்தால் மீளாத நோயை உண்டாக்கும். முகக்கவசம் அணிவதும், நீர் தெளித்துக் கல்லை அறுப்பதும் இதனைக் குறைக்கும். இயந்திரம் செய்யும் உருவத்தையும் கையால் வடித்த உருவத்தையும் வேறுபடுத்தி அறியாத வாங்குவோர், இரண்டிற்கும் ஒரே விலை பேசுகின்றனர். கடற்கரையில் ஒரு சிறு கல்யானையை வாங்கும்போது, 'இன்னும் குறையுங்கள்' என்று கேட்பதற்கு முன், 'இதைச் செய்ய எத்தனை நாள் ஆனது?' என்று கேட்டுப் பார்க்கலாம். அவ்வினாவுக்குக் கிடைக்கும் விடை, விலையைப் பற்றிய நம் எண்ணத்தை மாற்றக்கூடும்.

கூடத்தினுள் நுழையும்முன் இசைவு பெறுதல் வேண்டும். வேலை செய்பவரைக் கேட்காமல் படம் எடுத்தலும், கருவிகளைத் தொடுதலும், தெறிக்கும் கற்சில்லுகளுக்கு அருகே நிற்றலும் தவிர்க்கத்தக்கவை.

காண்போர் கடமை

திட்டத்தின் இறுதிப் பக்கத்தில் செய்யத்தகாதவற்றையும் எழுதிக்கொள்ள வேண்டும். மாமல்லபுரக் கடல் அலைவேகம் மிக்கது; நீரோட்டம் ஆளை இழுக்கும். கரையில் நின்று காண்பதன்றிக் கடலில் இறங்கிக் குளித்தல் கூடாது. பாறைகளின்மீது ஏறி நின்று படமெடுப்பதும் இடர் தரும். குழுவிற்கு ஒரு பொறுப்பாளர், கூடும் இடம், கூடும் நேரம், முதலுதவிப் பெட்டி, குடிநீர் ஆகியவற்றை முன்னரே வரையறுக்க வேண்டும்.

சிற்பங்களின்மீது சாய்வதும், தம் பெயரைக் கீறுவதும் பெருங்கேடு. சிற்பிகள் தம் உழைப்பின் பெரும்பகுதியைப் பெயரின்றியே விட்டுச் சென்றனர். அவ்வுழைப்பின்மீது பார்வையாளர் தம் பெயரை எழுதுவது எவ்வகையில் பொருந்தும்? உப்புக்காற்று பல நூற்றாண்டுகளில் செய்யும் சிதைவை ஓர் ஆணி ஒரு நொடியில் செய்துவிடும்.

பயணத்திற்கு முன் படிப்பதும் திட்டத்தின் பகுதியே. கல்கியின் 'சிவகாமியின் சபதம்' புதினத்தைப் படித்தால் பல்லவர் காலம் மனக்கண்ணில் விரியும். அதிலுள்ள கற்பனை எது, வரலாறு எது என்று பிரித்தறிய ஒரு வரலாற்று நூலையும் உடன் படித்தல் வேண்டும். மேலும், மூவர் கொண்ட குழுக்களாகப் பிரிந்து, குழுவிற்கு ஒரு வினாவை எடுத்துச் செல்லலாம். 'உளி நின்ற இடங்கள் எவை?', 'கல்லில் காட்டப்பெற்ற மரவேலைகள் எவை?', 'விலங்குகள் தம் குட்டிகளோடு எங்கெல்லாம் உள்ளன?' என்பன போன்ற வினாக்கள் கண்களுக்கு வேலை தரும். வினாவோடு செல்பவர் ஒரே பாறையின் முன் ஒரு மணி நேரம் சலிப்பின்றி அமர்ந்திருப்பார்.

பயணம் முடிந்த பின்

திரும்பி வந்த மாணவர்களிடம், 'எத்தனை இடங்கள் பார்த்தீர்கள்?' என்று வீட்டார் கேட்பர். 'ஓர் ஊர்தான்' என்ற விடை அவர்களுக்கு வியப்பளிக்கலாம். ஆனால், அந்த ஊரில் எலிகளை ஏமாற்றும் பூனை எங்கே நிற்கிறது, எந்த இரதத்தின் கூரை நம் பாட்டனாரின் ஓலைவீட்டை ஒத்தது, தேய்ந்த நந்தி எத்திசை நோக்கிப் படுத்திருக்கிறது, சிறு யானையைச் செதுக்கிய சிற்பி எத்தனை நாள் உழைத்தார் என்பதையெல்லாம் அம்மாணவர்களால் சொல்ல இயலும்.

அதைக் கேட்பவர் தாமும் சென்று காண விரும்புவார். கண்டவர் காணாதவரை வழிப்படுத்துவதே ஆற்றுப்படை. கரும்பலகையில் அழிக்கப்பட்ட ஏழு பெயர்களும் வேறு ஏழு விடுமுறைகளுக்காகக் காத்திருக்கின்றன.

கற்பவை கற்றபின்

1. உங்கள் மாவட்டத்திலுள்ள கலைச்சிறப்பு மிக்க ஓர் ஊரைத் தேர்ந்தெடுத்து, இரண்டு நாள் பயணத்திட்டம் வகுக்க. நீங்கள் நீக்கிய இடங்களையும் நீக்கியதற்கான காரணங்களையும் குறிப்பிடுக.

2. உங்கள் ஊரில் கோயில், மண்டபம், சிலை ஆகியவற்றுள் ஒன்றைக் காலை, நண்பகல், மாலை ஆகிய மூன்று வேளைகளிலும் கண்டு, ஒளியால் தோன்றும் வேறுபாடுகளை எழுதுக.

3. கைவினைஞர் ஒருவரைச் சந்தித்து, அவருடைய கருவிகளின் பெயர்களையும் அவற்றின் பயன்களையும் கேட்டறிந்து தொகுக்க.

4. ஆற்றுப்படை அமைப்பில், உங்கள் ஊருக்கு முதன்முறையாக வரும் நண்பருக்கு வழி கூறும் கடிதம் ஒன்று வரைக.

நம்மை அளவிடுவோம்

பலவுள் தெரிக

1. பெரும்பாணாற்றுப்படையின் ஆசிரியர்
அ) முடத்தாமக்கண்ணியார் ஆ) கடியலூர் உருத்திரங்கண்ணனார் இ) நக்கீரர் ஈ) நத்தத்தனார்

2. தூங்கானை மாட வடிவில் அமைந்த இரதம்
அ) திரௌபதி இரதம் ஆ) பீம இரதம் இ) நகுல சகாதேவ இரதம் ஈ) தர்மராச இரதம்

3. மாலை ஒளியில் காணத்தக்கது எனப் பாடம் கூறுவது
அ) அர்ச்சுனன் தபசு ஆ) கிருஷ்ண மண்டபம் இ) மகிடாசுரமர்த்தினி குடைவரை ஈ) வராகக் குடைவரை

குறுவினா

1. ஆற்றுப்படை – பெயர்க்காரணம் தருக.
2. மாமல்லபுரத்தில் காணத்தக்க நான்கு கலைவடிவங்கள் யாவை?
3. கடற்கரைக் கோயிலைக் காக்கத் தொல்லியல் துறையினர் மேற்கொண்ட முயற்சிகள் யாவை?

சிறுவினா

1. 'குறுகிய பயணத்தைத் திட்டமிடுவது கற்சிற்பியின் வேலையை ஒத்தது' – விளக்குக.
2. சிற்பிகள் மேலிருந்து கீழ்நோக்கிச் செதுக்கினர் என்பதற்குரிய சான்றை விளக்குக.
3. சுற்றுலாச் செலவைக் கணக்கிடும்போது கருத வேண்டியவற்றைத் தொகுத்து எழுதுக.

நெடுவினா

1. சிற்பங்கள் நோக்கும் திசைக்கும் அவற்றைக் காணும் வேளைக்கும் உள்ள தொடர்பை விளக்கி, மாமல்லபுரத்திற்கான இரண்டு நாள் பயணத்திட்டத்தைக் கட்டுரையாக வரைக.
2. இன்றைய கற்சிற்பிகளின் தொழில்நுட்பத்தையும் இடர்களையும் விளக்கி, அக்கலை நிலைபெறப் பார்வையாளர்கள் ஆற்ற வேண்டிய பங்கினைப் பற்றி உங்கள் கருத்துகளை எழுதுக.